குண்டு விழுந்த தூரம்

வரைபடத்தில் பெயர் கிடையாது.
பதினோரு இலக்கத்தில் ஒரு எண்,
அதன் கீழே: வெண்கலப் புஷ்,
உள்விட்டம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்,
பதினாறு மைக்ரான் வரை கூடலாம்,
குறையவே கூடாது.
எதற்குப் போகிறது என்று கேட்டால்
முதலாளி தெய்வசிகாமணி
சிலசமயம் கூரையைக் காட்டுவார்,
சிலசமயம் கிழக்கே கையை நீட்டுவார்.
கூரை என்றால் விமானம்.
கிழக்கு என்றால் கப்பல்.
அதற்குமேல் தனக்கும் தெரியாது என்பார்.

கடலூர் சிப்காட்டில் கடைசி ஷெட் எங்களுடையது.
காற்று திரும்பும் நாளில்
பக்கத்து ஆலையின் அழுகின கோஸ் வாசம்
அளவறைக்குள்ளும் நுழைந்துவிடும்.
வெயில் மட்டும் நுழையாது.
வருஷம் முழுக்க இருபது டிகிரி.
கத்திரியிலும் சால்வை போர்த்தியிருப்பேன்.
உலோகம் ஒரு இழை விரியக் கூடாது,
எனக்குச் சளி பிடிக்கலாம்.

வியாழக்கிழமை நாற்பத்தெட்டு புஷ் வந்தது,
பூவராகன் இரண்டு ஷிப்ட் நின்று கடைந்தது.
முப்பத்தொன்றாவதில்
கேஜின் நுழையக் கூடாத முனை
வழுக்கிக்கொண்டு நுழைந்தது.
மூன்று மைக்ரான் அதிகம்.
ஒரு தலைமயிரை நீளவாக்கில்
இருபதாகப் பிளக்க முடிந்தால் அதில் ஒரு பங்கு.

பூவராகன் கையைத் துடைத்தான்.
துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.
முதலாளிதான் பேசினார்:
"நாப்பத்தெட்டும் போனாதாம்மா பில்லு.
ஏவுகணைப் பெட்டி மூடியோட கீலுக்குள்ள கிடக்கப்போவுது.
வருஷத்துக்கு ரெண்டு தடவ திறந்து பாப்பான்,
மூடி வெச்சிருவான்.
மூணு மைக்ரான் யாருக்குத் தெரியும்?"

அவருக்குத் தெரியும் என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் வீடு குண்டு உப்பலவாடியில்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
வெள்ளைக்காரன் மராட்டியரிடம் விலைபேசியபோது
பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை
ஊரெல்லாம் சேர்த்தி என்று பேச்சாம்.
சுட்டார்கள்.
விழுந்த இடத்தில் நட்டுக்கொண்டிருந்தவர்களை
யாரும் கேட்கவில்லை.
குண்டு மட்டும் ஊர்ப் பெயரில் தங்கிவிட்டது,
பஸ் பலகையில், ரேஷன் அட்டையில்,
என் மகளின் மாற்றுச் சான்றிதழில்.

சுடுவதற்கு முன்னால்
எவனோ ஒருத்தன் அந்தக் குண்டை
இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்த்திருப்பான்,
சரியாகப் போகிறதா என்று.
அவன் பார்த்ததும் என் வேலைதான்.
சம்பளம் தாமதமானால் அவனும் முணுமுணுத்திருப்பான்.

இந்த மூடி திறக்க வேண்டிய நாளில்
எதிரே அலையை ஒட்டி ஒன்று வந்துகொண்டிருக்கும்.
அதற்கும் எங்கோ ஒரு அளவறை உண்டு,
அங்கேயும் ஒருத்தி சால்வையோடு.
அவள் ஒழுங்காக வேலை செய்பவள் என்றே
நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.
இந்தப் பக்கம் இருநூறு பேருக்கு
உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்.
மூடிக்கு இரண்டு விநாடி நேரம்.

சிவப்புப் பெயின்ட் அடித்தேன்.
விதிப்படி ரம்பத்தில் வைத்து
இரண்டாக அறுத்ததும் நான்தான்.
முதலாளி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
ஞாயிறு அன்று பூவராகன் தனியாக வந்து
வேறு ஒன்று கடைந்து கொடுத்தான்,
முகத்தைப் பார்க்காமல்.
செவ்வாய்க்கிழமை நாற்பத்தெட்டும்
மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பின.

நல்லது என்று கடிதம் வராது.
இருபது வருஷம் ஒன்றுமே வராமலிருந்தால்
அதுதான் கடிதம்.

நேற்று சில்வர் பீச்சில்
தூரத்தில் ஒரு வெளிச்சம் நகராமல் நின்றது.
நம்ம கப்பலா என்றாள் மகள்.
சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

ராத்திரி ஒன்றரைக்கு விழிப்பு.
பத்தொன்பதாவதை எடுக்கும்முன்
டீ குடித்துவிட்டு வந்தேன்.
கை சூடாக இருந்ததா?
கையுறை போட்டிருந்தேனா?